முத்துக்குளிப்பு அஞ்சலட்டையும் தகரச் சீட்டும்: மன்னார்க் கரையின் சில்லறைச் சான்றுகள்

வரலாற்றெழுத்தில் ஆவணம் என மதிக்கப்படுவது பெரும்பாலும் அரசு பேணிய ஆவணமே. விளம்பர அட்டை, நினைவுப் பொருள், பயணச்சீட்டு முதலியன சேகரிப்போரின் பொழுதுபோக்காகவே ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. ஆயின் மன்னார்க் கரையின் அன்றாட வாழ்வை ஆராயப் புகுவோர்க்கு இவற்றை விட்டால் வேறு வழி அதிகமில்லை.

1903 முதல் 1907 வரை மரிச்சுக்கட்டிக் கரையில் ஆண்டுதோறும் முத்துக்குளிப்பு நடைபெற்றது. 1905இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. இக்காலமே பட அஞ்சலட்டையின் பொற்காலமுமாகும். தோணிகளையும் குளிப்போரையும் காட்டும் அட்டைகள் ஐரோப்பியப் பயணிகளின் கைகளில் உலகெங்கும் சென்றன. அவற்றில் இடப்பெயர் உண்டு; தொழிற்பெயர் உண்டு; மனிதரின் பெயர் இல்லை. 1906இல் அங்கு பணியாற்றிய லியனார்ட் வுல்ஃப், 1961இல் வெளிவந்த தம் நினைவு நூலில் அவ்வாழ்வை விரித்துரைத்துள்ளார். எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்குரியது. மூச்சடக்கி ஆழம் சென்றவனுக்கு எஞ்சிய ஒரு பங்கே. சிப்பிகளை அழுகவிட்டு முத்தெடுத்தமையால் எழுந்த நாற்றத்தை எந்த அஞ்சலட்டை சுமக்கும்! அவ்வாண்டிலேயே இவ்வளம் இருபதாண்டுக் குத்தகைக்கு இலண்டன் மூலதனத்தின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டோடு சிப்பியும் அற்றது.

தேயிலையின் கதையும் இக்கரையைத் தொட்டே செல்கிறது. 1893இல் சிக்காக்கோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் இலங்கை தனக்கெனக் கூடம் அமைத்துத் தேயிலையை அமெரிக்கருக்கு அறிமுகப்படுத்தியது. லிப்டனின் விளம்பரங்கள் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கோப்பைக்கு என்ற எண்ணத்தை ஊட்டின. இந்த ‘நேரே’ என்ற சொல்லிலேதான் கருத்துநிலை ஒளிந்திருக்கிறது. தோட்டத்துக்கும் கோப்பைக்கும் இடையே மறைக்கப்பட்டவை பல. அவற்றுள் முதன்மையானது, தோட்டத்துக்கு உழைப்பு வந்து சேர்ந்த வழி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னாரில் இறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கி நடந்தோருள் நோயாலும் பசியாலும் மடிந்தோர் ஏராளம்.

1914 மார்ச் 1இல் தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பற்சேவை தொடங்கியது. தென்னிந்திய இரயில்வே படங்களுடன் வழிகாட்டி நூல்களை வெளியிட்டது. மேல்வகுப்புப் பயணியின் மடியில் அந்நூல். தொழிலாளியின் கழுத்திலோ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புகுத்தப்பட்ட தகரச் சீட்டு, தோட்டத்தை இனங்காட்டும் எண் பொறித்த சிறு தகடு. தோட்டம் மாறுவதற்கோ கடன் கணக்கைச் சுமந்த ‘துண்டு’ வேண்டும். அது 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அஞ்சலட்டைக்கு இன்று ஏலக்கடையில் விலையுண்டு. துண்டைத் தேடுவார் அரியர்.

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் அனுப்பப்பட்டோர் பலர் தலைமன்னாரிலேயே கப்பலேறினர். அவர்கள் கொண்டுசென்ற கடவுச்சீட்டுகளும் பயணத் தாள்களும் தமிழ்நாட்டில் பல வீடுகளின் தகரப்பெட்டிகளில் இருக்கக்கூடும். நமது பல்கலைக்கழக நூலகங்கள் அவற்றின் படிகளையாவது திரட்டத் தொடங்கலாம்.