மேக்கப் போடாத பூதம்: ரொண்டோ ஹட்டனின் கதை

1939 இல் வந்த 'த ஹஞ்ச்பேக் ஒஃப் நோட்ர டாம்' படத்தில் ஒரு போட்டி நடக்கும். பாரிஸ் நகரத்தில் திருவிழா. ஆகக் கோரமான முகம் யாருக்கோ அவருக்கு 'முட்டாள்களின் அரசன்' என்று முடிசூட்டுவார்கள். ஒவ்வொருத்தராக வந்து முகத்தைக் காட்ட, சனம் கூச்சல் போட்டுச் சிரிக்கும். கடைசியில் வெல்வது கூனன் குவாசிமோடோ. அந்த வேடத்தில் நடித்தவர் சார்ல்ஸ் லாட்டன். கன்னம் சரிந்து, ஒரு கண் இடம்மாறிக் கிடக்கிற அந்த முகத்தை ஒப்பனைக்காரர்கள் மணிக்கணக்காக இருந்து ஒட்டியிருந்தார்கள். அதே போட்டியில் தோற்றுப்போகிற ஆக்களில் ஒருவர் சில கணம் மட்டும் வந்து போவார். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் இல்லை. அவருடைய முகத்தில் ஒன்றுமே ஒட்டப்படவும் இல்லை.

அவர்தான் ரொண்டோ ஹட்டன். (எங்கட மலையகத்து ஹட்டனுக்கும் இவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எழுத்து மட்டும்தான் ஒண்டு.) பழைய ஹொலிவூட் பேய்ப்படங்களைத் தேடித்தேடிப் பார்க்கிறவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. 'கிரீப்பர்' என்ற கொலைகாரன், முதுகெலும்பை முறித்துக் கொல்லுகிறவன். யூனிவர்சல் கம்பனி அவரை விளம்பரப்படுத்தியது 'மேக்கப் தேவைப்படாத பூதம்' என்றுதான். அந்த விளம்பரத்துக்குப் பின்னால் இருந்த மனிதனைப் பற்றித்தான் நாங்கள் கதைக்கப் போகிறோம்.

1894 ஏப்ரல் 22 இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரில் பிறந்தார். தாயும் தகப்பனும் ஆசிரியர்கள். குடும்பம் ஊர் ஊராக மாறி, கடைசியில் புளோரிடாவில் இருக்கிற டம்பா நகரத்தில் நிலைத்தது. அங்கே ஹில்ஸ்பரோ உயர்பள்ளியில் படித்தார். நல்ல விளையாட்டு வீரர். வகுப்பிலேயே ஆக வடிவான பெடியன் என்று அவரைத் தெரிவு செய்தார்கள் என்று ஒரு கதை திரும்பத் திரும்ப எழுதப்படும். கதை உண்மையோ இல்லையோ, இளவயதுப் படங்களில் இருப்பது நேர்த்தியான, சாதாரண முகம்தான். பிறகு படையில் சேர்ந்தார். மெக்சிக்கோ எல்லையிலும், முதலாம் உலகப்போரில் பிரான்சிலும் இருந்தார். திரும்பி வந்து டம்பாவில் பத்திரிகை நிருபரானார்.

முகம் மாறத் தொடங்கியது இந்தக் காலத்தில்தான். மூளையின் அடியில், பயறளவில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியில் ஒரு கட்டி வந்தால் வளர்ச்சி ஹோர்மோன் அளவுக்குமிஞ்சிச் சுரக்கும். சின்ன வயதில் வந்தால் ஆள் மிக உயரமாக வளருவார். எலும்பு வளர்ந்து முடிந்தபிறகு வந்தால் உயரம் கூடாது. பதிலுக்கு நெற்றி எலும்பு முன்னுக்குத் தள்ளும், தாடை நீளும், மூக்கும் உதடும் தடிக்கும், கையும் காலும் பெருக்கும். இதற்கு அக்ரோமெகலி என்று பெயர். பிரெஞ்சு வைத்தியர் பியர் மரி 1886 இல் வைத்த பெயர் அது. மாற்றம் வருசக்கணக்காக, மெல்ல மெல்ல வரும். கண்ணாடியைத் தினம் பார்க்கிறவருக்கே விளங்காது. சப்பாத்து பத்தாமல் போகும், மோதிரம் இறுகும். வெளியில் தெரிவது முகம் என்றாலும் உள்ளே தலையிடி, மூட்டுவலி, கடைசியில் இதயம்.

WWE பார்த்து வளர்ந்த எங்கட தலைமுறைக்கு இது புதிய விசயம் இல்லை, பெயர்தான் புதிது. டபிள்யூடபிள்யூஈ மேடையில் நாங்கள் கைதட்டிய பிக் ஷோவுக்கும் கிரேட் காளிக்கும் இதே சுரப்பியில்தான் கட்டி இருந்தது. இரண்டு பேருக்கும் சத்திரசிகிச்சை செய்து அகற்றினார்கள். அவர்களுக்கு முன்னால் வந்த அந்த்ரே த ஜயன்ட் 1993 இல், 46 வயதில், இதயம் நின்று இறந்தார். ஹட்டனின் காலத்தில் சத்திரசிகிச்சை பெரும் ஆபத்தான வேலை, இன்றைக்கு இருக்கிற மருந்துகள் ஒன்றுமே இல்லை.

அவருடைய நோய்க்கு நச்சுவாயுதான் காரணம் என்று ஒரு கதை இருக்கிறது. பிரான்சில் ஜேர்மன் படையின் வாயுத் தாக்குதலில் அகப்பட்டார், அதனால்தான் முகம் இப்படிப் போனது என்று ஸ்டூடியோ விளம்பரக்காரர்கள் பரப்பினார்கள். போரில் வாயு பட்டு அவருக்கு நுரையீரல் பாதிக்கப்பட்டது என்று வாழ்க்கைக் குறிப்புகள் சொல்லும். ஆனால் வாயு ஒருவருக்கு அக்ரோமெகலியைக் கொண்டுவராது. இது மருத்துவம் தெரிந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விசயம். எண்டாலும் அந்தக் கதை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கு. ஏன் ஓடுகிறது என்று யோசித்தால், அந்தக் கதை எல்லாருக்கும் வசதி. கம்பனிக்கு ஒரு போர் வீரனைப் படத்தில் போட்ட பெருமை. பார்க்கிற எங்களுக்கும் அந்த முகத்தைப் பார்க்க ஒரு மரியாதையான சாட்டு. வெறும் சுரப்பிக் கட்டி என்றால் கதையும் இல்லை, தியாகமும் இல்லை, நோயாளி ஒருவர் மட்டும்தான் மிஞ்சுவார்.

சினிமா அவரைத் தேடி வந்தது. இயக்குநர் ஹென்றி கிங் 'ஹெல் ஹார்பர்' என்ற படத்தை டம்பாவில் எடுத்தார். செய்தி சேகரிக்கப் போன நிருபர் ஹட்டனைக் கண்டதும் கிங் ஒரு சின்ன வேடம் கொடுத்துவிட்டார். படம் 1930 இல் வந்தது. ஹட்டன் உடனே ஹொலிவூட்டுக்கு ஓடவில்லை, தன் நிருபர் வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார். 1934 இல் இரண்டாவது திருமணம். 1936 இல்தான் மனைவியோடு ஹொலிவூட்டுக்குக் குடிபெயர்ந்தார். அப்போது வயது 42. அந்த வயதில், அந்த நோயோடு, புது ஊரில் புதுத் தொழில். அவரைப் பாவம் பாவம் என்று எழுதுகிற கட்டுரைகள் இந்த இடத்தைச் சும்மா தாண்டிப் போய்விடும். செய்தி எப்படி விற்கும் என்று தெரிந்த நிருபர் அவர். தன் முகத்துக்கு அங்கே என்ன விலை என்று தெரியாமல் போயிருப்பார் எண்டு நாங்கள் நம்பேல்ல.

கிடைத்த வேடங்கள் அந்த விலையைத்தான் சொல்கின்றன. ஹென்றி கிங் 1938 இல் எடுத்த 'இன் ஓல்ட் ஷிகாகோ'வில் ஒரு மெய்க்காவலன். 1942 இல் வந்த 'த மூன் அன்ட் சிக்ஸ்பென்ஸ்' படத்தில் தொழுநோயாளி. ஒரு நோயை இன்னொரு நோயாகக் காட்டினார்கள், அவ்வளவுதான். மிச்சம் எல்லாம் கூட்டத்தில் ஒருத்தன், மதுக்கடையில் நிற்கிற ஒருத்தன்.

பிறகு 1944. யூனிவர்சல் கம்பனியின் ஷேர்லொக் ஹோம்ஸ் வரிசையில் 'த பேர்ள் ஒஃப் டெத்' வந்தது. பஸில் ரத்போன் ஹோம்ஸ், நைஜல் புரூஸ் வட்சன், இயக்கம் ரோய் வில்லியம் நீல். ஆறு நெப்போலியன் சிலைகள் பற்றிய கொனன் டொயிலின் கதைதான் அடிப்படை. ஒரு சிலைக்குள் முத்து ஒளிந்திருக்கிறது, அதைத் தேடிச் சிலைகளை உடைக்கிறார்கள். டொயிலின் கதையில் இல்லாத ஒரு ஆளைப் படத்தில் சேர்த்தார்கள். அவன்தான் ஹொக்ஸ்டன் கிரீப்பர். வில்லன் கொனோவரின் ஏவலாள். ஒவ்வொரு சிலையின் சொந்தக்காரரும் முதுகெலும்பு முறிந்து கிடப்பார், சுற்றி உடைந்த பீங்கான்.

இந்தப் படத்தில் ஹட்டனுக்கு வசனமே இல்லை. முகத்தையும் கடைசி வரை காட்டமாட்டார்கள். சுவரில் நிழல், ஜன்னலுக்கு வெளியே ஒரு உருவம், மெதுவான நடை. எங்களுக்குப் பிடித்தது இது அல்ல, இன்னொரு விசயம். கிரீப்பருக்கு கொனோவரின் கூட்டாளியான நேயோமி மேல் ஆசை. கடைசிக் காட்சியில் ஹோம்ஸ் ஆயுதம் இல்லாமல் அகப்பட்டு நிற்கும்போது இதைத்தான் பிடிக்கிறார். கொனோவர் நேயோமியைத் தூக்குக்கு அனுப்பப் போகிறான் என்று கிரீப்பருக்குக் கேட்கிற மாதிரிச் சொல்கிறார். கிரீப்பர் திரும்பித் தன் எசமானையே கொல்கிறான். பிறகு ஹோம்ஸை நோக்கி வர, ஹோம்ஸ் சுட்டுவிடுகிறார். கதாநாயகன் அவனுடைய அன்பைப் பாவித்துத் தப்பிவிட்டு அவனையே கொல்கிற காட்சி அது. படம் அதைப் பெரிய வெற்றியாகக் காட்டும். இரண்டாந்தரம் பார்க்கும்போது அப்பிடித் தெரியாது.

படம் ஓடியது, யூனிவர்சலுக்கு ஒரு யோசனை வந்தது. அந்தக் கம்பனியின் பேர்போன பூதங்கள் எல்லாம் ஒப்பனை மேசையில் பிறந்தவை. 1931 இல் பொரிஸ் கார்லோவை ஃபிராங்கன்ஸ்டைனின் பூதமாக மாற்ற ஜக் பியர்சுக்கு ஒவ்வொரு நாளும் நாலு மணித்தியாலம் வரை பிடித்தது. அவருக்கும் முன்னால் லொன் சேனி தானே தனக்கு ஒப்பனை போட்டு 'ஆயிரம் முகங்களின் மனிதன்' என்று பெயரெடுத்தவர். இவர்கள் எல்லாரும் பின்னேரம் முகத்தைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். பூதத்துக்குள்ளே ஒரு கெட்டிக்கார நடிகர் இருக்கிறார் என்று பார்க்கிறவருக்கும் தெரியும், அந்தக் கெட்டித்தனத்துக்குத்தான் கைதட்டு. ஹட்டனிடம் கம்பனி வாங்கியது வேறு. அங்கே ஒப்பனைச் செலவு மிச்சம், படப்பிடிப்பு நேரமும் மிச்சம். மலிவான இரண்டாந்தரப் படங்களுக்கு இதைவிட வேறென்ன வேணும்?

1945 இல் 'த ஜங்கிள் கப்டிவ்' படத்தில் பைத்தியக்கார விஞ்ஞானியின் உதவியாளன் மொலொக். 'த ஸ்பைடர் வுமன் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் வாய்பேசாத வேலைக்காரன். இந்த இரண்டையும் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, பார்க்காவிட்டாலும் நட்டமில்லை. நேர்மையாகச் சொன்னால் ஹட்டன் பெரிய நடிகரும் இல்லை. வசனம் இருந்தால் குரல் கரகரப்பாக, ஒரே தட்டையாக வரும். கமரா அவரைப் பேசவிடாமல் வெறுமனே நிற்கவிடுகிற இடங்களில்தான் ஏதோ நடக்கிறது.

ஜீன் யார்ப்ரோ இயக்கிய கடைசி இரண்டு படங்கள்தான் கனமானவை. 'ஹவுஸ் ஒஃப் ஹொரர்ஸ்' படத்தில், விமர்சகர்களால் நொந்துபோன சிற்பி ஒருவன் சாக வேண்டுமென்று ஆற்றங்கரைக்குப் போய், அங்கே தண்ணியில் கிடக்கிற கிரீப்பரைக் காப்பாற்றுகிறான். அந்த முகத்தைக் கண்டதும் அவனுக்குச் சாகிற எண்ணமே போய்விடுகிறது. அதைச் சிலையாக வடிக்கத் தொடங்குகிறான். பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தனக்குப் பிடிக்காத விமர்சகர்களைக் கொல்லவும் அவனைப் பாவிக்கிறான். சிற்பி செய்வது, படம் எடுத்தவர்கள் செய்தது, இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று படத்தைப் பார்த்தவர்களே சொல்லட்டும்.

'த புரூட் மேன்' ஒரு மணித்தியாலம்கூட ஓடாது. கிரீப்பரின் முன்கதை அது. பல்கலைக்கழக உதைபந்தாட்ட நட்சத்திரமான, வடிவான ஹல் மொஃபட், இரசாயனகூடத்து வெடிவிபத்தில் முகம் சிதைந்து கொலைகாரனாகிறான். போலீசுக்கு ஒளிந்து ஓடும்போது கண்தெரியாத பியானோ ஆசிரியை ஒருத்தியின் அறைக்குள் நுழைகிறான். அவளுக்கு முகம் தெரியாது, ஆகவே பயமும் இல்லை. அவளுடைய கண் சத்திரசிகிச்சைக்குக் காசு தேடப் போய்த்தான் அகப்படுகிறான். விளையாட்டு வீரன், வடிவானவன், பிறகு மாறிப்போன முகம். ஹட்டனின் சொந்த வாழ்க்கையின் வரைபடத்தையே எடுத்து, கடைசியில் 'அதனால் அவன் கொலைகாரன் ஆனான்' என்று ஒட்டியிருக்கிறார்கள். விபத்துக்கு முந்தின மொஃபட்டாக நடிக்க வேறொரு வடிவான நடிகரைப் போட்டார்கள்.

இந்த இரண்டு படமும் திரைக்கு வந்தபோது ஹட்டன் இல்லை. 1946 பெப்ரவரி 2 இல், பெவர்லி ஹில்சில், மாரடைப்பு. வயது 51. அக்ரோமெகலி கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று மேலே சொன்னோம். உடலை டம்பாவுக்குக் கொண்டுபோய் முன்னாள் படைவீரர்களின் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். 'ஹவுஸ் ஒஃப் ஹொரர்ஸ்' மார்ச்சில் வந்தது. 'த புரூட் மேன்' படத்தை யூனிவர்சல் தானே வெளியிடாமல் பிஆர்சி என்ற சின்னக் கம்பனிக்கு விற்றுவிட்டது, ஒக்டோபரில் வந்தது. செத்த மனிதனின் நோயைக் காட்டிக் காசு பார்க்க வெட்கப்பட்டுத்தான் விற்றார்கள் என்று சிலர் எழுதுவார்கள். அந்த வருசம் யூனிவர்சல் இன்னொரு கம்பனியோடு இணைந்து, மலிவுப் படங்களே வேண்டாம் என்று முடிவெடுத்திருந்தது. அந்தக் கணக்கு இருக்கும்போது வெட்கத்தைக் காரணமாகச் சொல்வது கம்பனிக்கு நாங்கள் சும்மா கொடுக்கிற நற்சான்றிதழ்.

பழைய பேய்ப்படங்களை 1957 இல் தொலைக்காட்சிக்கு மொத்தமாக விற்றபிறகு அமெரிக்கப் பிள்ளைகள் அவற்றை இரவிரவாகப் பார்த்தார்கள். அந்தத் தலைமுறைதான் மறந்துபோயிருந்த துணை நடிகர்களை எல்லாம் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அதில் ஹட்டனும் ஒருவர். ஆனால் கொண்டாட்டமும் ஒரே மாதிரி இல்லை. 1996 இல் 'மிஸ்டரி சயன்ஸ் தியேட்டர் 3000' என்ற நிகழ்ச்சி, மோசமான படங்களைப் போட்டு நக்கலடிக்கிற அந்த நிகழ்ச்சி, 'த புரூட் மேன்' படத்தையும் போட்டது. 2002 இலிருந்து திகில் சினிமா இரசிகர்கள் தங்களுக்குள் வாக்களித்து வருடாவருடம் விருது கொடுக்கிறார்கள். ஆய்வாளருக்கு, பழைய படங்களை மீட்டெடுக்கிறவர்களுக்கு, சஞ்சிகைகளுக்கு. விருதின் பெயர் ரொண்டோ. வெல்கிறவர் கையில் கிடைப்பது 'ஹவுஸ் ஒஃப் ஹொரர்ஸ்' சிற்பி வடித்த அந்தத் தலையைப் போன்ற ஒரு சிலை.

1991 இல் டிஸ்னி 'த ரொக்கெட்டியர்' படம் எடுத்தது. கதை நடப்பது 1938 ஹொலிவூட்டில். அதில் வருகிற லோதர் என்ற அடியாளுக்கு ஹட்டனின் முகம் வேணும் எண்டு நினைத்தார்கள். ரிக் பேக்கர் என்ற பெரிய ஒப்பனைக் கலைஞரைப் பிடித்து, நெடிய நடிகர் ஒருவரின் முகத்தில் நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் வைத்து ஒட்டினார்கள். அந்த நடிகர் ஒவ்வொரு நாளும் வேலை முடிய அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.