பட்டியலின் கடைசியில் ஒரு நாவல்

1930 ஜூலை 24, வியாழக்கிழமை. லாகூர் மத்தியச் சிறையிலிருந்து பகத்சிங் தம் பள்ளித் தோழர் ஜெய்தேவ் குப்தாவுக்கு ஒரு சிறு கடிதம் எழுதினார். துவாரகாதாஸ் நூலகத்திலிருந்து தம் பெயரில் சில நூல்களை எடுத்து, வரும் ஞாயிறன்று தம்பி குல்பீர் வழியாக அனுப்பிவைக்க வேண்டும் என்பதே செய்தி. இராணுவவாதம் குறித்துக் கார்ல் லீப்னெக்ட் எழுதிய நூல், மனிதர் ஏன் போரிடுகின்றனர் என ஆராயும் ரஸ்ஸலின் நூல், லெனினின் சிறு நூல்கள், குரோபோட்கின், மார்க்ஸ் எனப் பட்டியல் நீள்கிறது. அதன் கடைசியில் நிற்பது அப்டன் சிங்க்ளேரின் ‘ஸ்பை’. அது ஒரு நாவல்.

பகத்சிங்கின் சோசலிச வாசிப்புக்குச் சான்றாக இக்கடிதம் ஆய்வுகளில் எடுத்துக்காட்டப்படுவதுண்டு. அது நியாயமானதே. ஆனால் அவ்வாறு காட்டும்போது கடைசிப் பெயரைப் பற்றிப் பேச்சு எழுவது அரிது. அக்கோட்பாட்டு நூல்களோடு ஒரு நாவல் ஏன் இடம்பெற்றது?

‘ஸ்பை’ 1920இல் அமெரிக்காவில் ‘நூறு சதவீதம்’ என்னும் தலைப்பில் வெளிவந்தது. பிரிட்டிஷ் பதிப்புக்குத்தான் ‘ஸ்பை’ என்று பெயர். 1916இல் சான் பிரான்சிஸ்கோ ஊர்வலமொன்றில் குண்டு வெடித்தது. அவ்வழக்கில் டாம் மூனி என்னும் தொழிற்சங்கத்தலைவர் பொய்ச்சாட்சியத்தின் பேரில் தண்டிக்கப்பட்டார். அந்நிகழ்வின் சாயலில் அமைந்த கதை இது. இதன் மையப்பாத்திரமான பீட்டர் கஜ் வீரனல்லன். தொழிலாளர் இயக்கத்துக்குள் நுழைந்து காட்டிக்கொடுத்துப் பிழைக்கும் உளவாளி. கதை முழுவதும் அவன் கண் வழியாகவே நகர்கிறது.

கடிதம் எழுதப்பட்ட காலத்தை இதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 1930 மே மாத அவசரச் சட்டத்தின்கீழ் அமைந்த சிறப்புத் தீர்ப்பாயம் லாகூர் சதி வழக்கை விசாரித்துக்கொண்டிருந்தது. அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்தது அப்ரூவர்களை. ஜெய் கோபால், ஹன்ஸ்ராஜ் வோரா, பணீந்திரநாத் கோஷ் ஆகியோர் நேற்றுவரை தோழர்களாய் இருந்தவர்கள். ஒருவன் எப்படி உளவாளியாகிறான் என்னும் கேள்வி அச்சிறைக்குள் கோட்பாட்டுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது. இதற்காகவே அந்நாவல் கேட்கப்பட்டது என்று சொல்ல ஆவணம் இல்லை, இது ஊகமே. எனினும் அக்கேள்விக்கு லீப்னெக்டிடமோ மார்க்ஸிடமோ விடை கிடைத்திராது என்பது மட்டும் உறுதி.

கடிதத்தின் பிற்பகுதி இன்னும் முக்கியமானது. வழக்கின் ஏனைய கைதிகள் போர்ஸ்டல் சிறையில் இருந்தனர். அங்கே நூல்களுக்குக் கடும் பஞ்சம் நிலவுவதாகப் பகத்சிங் எழுதுகிறார். அவர்கள் சுகதேவின் சகோதரர் ஜெய்தேவிடம் ஒரு பட்டியல் கொடுத்தனுப்பியும் ஒரு நூல்கூட வந்து சேரவில்லை. (இந்த ஜெய்தேவ் வேறு, கடிதத்தைப் பெற்ற ஜெய்தேவ் வேறு, இருவரையும் ஒருவராகக் கொள்வது எளிதில் நேரும் பிழை.) பட்டியல் தொலைந்திருந்தால், லாலா பெரோஸ் சந்தையே சுவையான நூல்கள் சிலவற்றைத் தேர்ந்து அனுப்பச் சொல்லுமாறு கேட்கிறார். தாம் ஞாயிறன்று அங்குச் செல்லுமுன் அவை சேர்ந்துவிட வேண்டும் என்கிறார். போதாக்குறைக்கு, டாக்டர் ஆலமுக்காகப் பஞ்சாப் விவசாயிகளின் கடன் பற்றி மால்கம் டார்லிங் எழுதிய நூலையும் வேண்டுகிறார். அதை எழுதியவர் ஓர் ஐ.சி.எஸ். அதிகாரி.

ஆக, இது ஒரு தனிமனிதரின் வாசிப்புப் பட்டியல் அன்று. பெரோஸ் சந்த், லாலா லஜபதி ராய் தொடங்கிய ‘தி பீப்பிள்’ வார இதழை நடத்தியவர். துவாரகாதாஸ் நூலகமும் லஜபதி ராய் நிறுவியதே. எந்த நூல் நல்லது என்பதை நண்பரின் சுவைக்கே விட்டுவிடும் நம்பிக்கை இங்கே இருக்கிறது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், பகத்சிங் தூக்கிலிடப்பட்டு ஆறு மாதங்களுக்குப் பின், ‘நான் ஏன் நாத்திகன்?’ கட்டுரை அச்சேறியதும் ‘தி பீப்பிள்’ இதழில்தான். பின்னர் ஜீவானந்தம் தமிழுக்குக் கொண்டுவந்தது அக்கட்டுரையையே.

சிறைக்குள் நூல் வருவது எளிதில் கிடைத்த சலுகையுமன்று. 1929இல் நடந்த உண்ணாநோன்பின் கோரிக்கைகளுள் நூல்களும் நாளிதழும் இருந்தன. 63 நாள் உண்ணாதிருந்த ஜதீந்திரநாத் தாஸ் செப்டம்பர் 13 அன்று இறந்தார். பகத்சிங்கின் புகழ்பெற்ற சிறைக்குறிப்பேட்டின் தொடக்கத்தில் உள்ள தேதி, அதற்கு முந்தைய நாளான செப்டம்பர் 12.

அக்குறிப்பேடுதான் இன்று அவர் வாசிப்புக்கு முதன்மைச் சான்று. அதன் வரையறையும் அங்கேயே இருக்கிறது. குறிப்பேட்டில் நிற்பவை எடுத்தெழுதத் தக்கவை: வரையறைகள், வாதங்கள், புள்ளிவிவரங்கள், கவிதை வரிகள். நாவலை வாசிப்பவர் பெரும்பாலும் குறிப்பெடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவருக்குக் கதையாகச் சொல்கிறார். எனவே குறிப்பேட்டை மட்டும் நம்பும் வரலாற்றில் நாவல் மெலிந்து போகிறது. தோழர்களின் நினைவுக்குறிப்புகளில் நிலைமை வேறு. சிவ வர்மா, பகத்சிங்குக்குப் பிடித்தவர்களாகச் சொல்லும் பெயர்கள் டிக்கன்ஸ், சிங்க்ளேர், ஹால் கெய்ன், விக்டர் ஹியூகோ, கார்க்கி, ஸ்டெப்னியாக், ஆஸ்கார் வைல்டு, லியோனித் ஆந்த்ரேயெவ். ஏறத்தாழ எல்லாரும் கதை சொன்னவர்கள்.

இவர்களுள் ஆந்த்ரேயெவின் ‘தூக்கிலிடப்பட்ட எழுவர்’ 1908இல் வெளிவந்த குறுநாவல். தூக்குக்குக் காத்திருக்கும் எழுவரில் ஐவர் புரட்சியாளர். இருவர் சாதாரணக் குற்றவாளிகள். அவ்விருவரில் ஒருவனான யான்சன், எஸ்தோனியப் பண்ணையாள், மொழியும் சரிவரத் தெரியாதவன். தன்னைத் தூக்கிலிடக் கூடாது என்ற ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பான். இக்கதையைத் தோழர்களுக்குச் சொல்லும்போது பகத்சிங்கின் கண்கள் கலங்கின என்று சிவ வர்மா நினைவுகூர்கிறார். கலங்கச் செய்தது, அஞ்சாமல் நின்ற ஐவரல்லர், இந்த யான்சன்.

1931 மார்ச் 23 அன்று வழக்கறிஞர் பிராண் நாத் மேத்தா கொண்டுவந்த லெனின் நூலை எல்லாரும் அறிவர். அதுவும் ஒருவரிடம் கேட்டுப் பெற்றதுதான். யான்சனின் கதை எந்தப் பட்டியலிலும் இல்லை. கேட்டவர் ஒருவர் உயிரோடு இருந்து எழுதியதால் கிடைத்தது.