தொண்டர்களுக்கு யார் பொறுப்பு? - பீஸ் கார்ப்ஸ் வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்



போன வருடம் என்.எஸ்.எஸ் முகாமுக்குக் கிளம்பும் முன் எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். முகாமில் என் மகனுக்கு எது நேர்ந்தாலும் கல்லூரி நிர்வாகம் பொறுப்பல்ல என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே அப்பா கையெழுத்துப் போட வேண்டும். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "அப்போ யாருப்பா பொறுப்பு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி கையெழுத்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டேன்.

முகாம் நல்லபடியாகத்தான் முடிந்தது. ஆனால் அப்பாவின் கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. ஏழு நாள் பக்கத்து கிராமத்துக்குப் போவதற்கே இந்தக் கேள்வி வருகிறதே, மொழி தெரியாத நாட்டில் இரண்டு வருடம் தங்கித் தொண்டு செய்யப் போகிறவர்களுக்கு யார் பொறுப்பு? அதைத் தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் பீஸ் கார்ப்ஸ். தமிழில் 'அமைதிப்படை' என்று எழுதினால் நமக்கு 1987-ல் இலங்கைக்குப் போன ராணுவமோ, சத்யராஜ் படமோதான் ஞாபகத்துக்கு வரும். அதனால் பீஸ் கார்ப்ஸ் என்றே எழுதிவிடுகிறேன்!

ஆரம்பம்

1960 அக்டோபர் 14. தேர்தல் பிரச்சாரத்தில் இருந்த ஜான் கென்னடி மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தபோது அதிகாலை 2 மணி. அந்த நேரத்திலும் காத்திருந்த ஆயிரக்கணக்கான மாணவர்களிடம், வெளிநாடுகளுக்குப் போய்ப் பணி செய்ய உங்களில் எத்தனை பேர் தயார் என்று கேட்டார். அவர் ஜனாதிபதியான பிறகு, 1961 மார்ச் 1-ம் தேதி பீஸ் கார்ப்ஸ் தொடங்கப்பட்டது. முதல் இயக்குநர் அவரது மைத்துனர் சார்ஜென்ட் ஷ்ரைவர். அதே ஆகஸ்டில் முதல் தொண்டர் குழு கானாவில் போய் இறங்கியது.

அன்று முதல் இன்று வரை 2,40,000 பேருக்கு மேல் போய் வந்திருக்கிறார்கள். இந்தியாவுக்கும் 1961 முதல் 1976 வரை வந்தார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், 68 வயதில் பம்பாய் பக்கம் விக்ரோலியில் நர்ஸாக வேலை பார்த்தது இந்தத் திட்டத்தில்தான்.

இவர்கள் வாழும் முறையில் ஒரு விசேஷம் உண்டு. தனி காலனி கிடையாது, காவலாளி கிடையாது. அந்த ஊர் ஜனங்கள் எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருக்க வேண்டும். அதுதான் பாதுகாப்பும் கூட. ஊர் நம்மைத் தன் பிள்ளையாக நினைத்தால் ஊரே காவல் என்பதுதான் இதன் அடிப்படை. நல்ல யோசனைதான், பெரும்பாலும் பலித்தும் இருக்கிறது. ஆனால் எல்லா ஆபத்தையும் ஊரால் தடுக்க முடியாது. தொடங்கி ஒரு வருடம் முடிந்த சமயத்தில், 1962 ஏப்ரலில் கொலம்பியாவில் ஒரு விமான விபத்தில் இரண்டு தொண்டர்கள் இறந்தார்கள். அந்த அமைப்பின் முதல் மரணங்கள் அவை.

முகவரி தெரியாத தொண்டர்

2001-ல் பொலிவியாவில் ஓர் இளைஞர் காணாமல் போனார். மகனிடமிருந்து தகவலே இல்லையே என்று பெற்றோர் அமெரிக்காவிலிருந்து விசாரித்த பிறகுதான் அலுவலகத்தில் தேட ஆரம்பித்தார்கள். இன்று வரை அவர் கிடைக்கவில்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு அந்த வருடமே இதை விசாரித்தது. அவரை மேற்பார்வை செய்ய வேண்டிய அதிகாரிக்கு அவர் எங்கே இருக்கிறார் என்பதே தெரியாமல் போய்விட்டது என்று அந்த அறிக்கை சொன்னது.

தணிக்கை என்றால் வரவு செலவு பார்ப்பது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னை உலுக்கியது இந்த இடம். ஒரு மனிதன் எங்கே என்பதும் தணிக்கையில் வரும் கேள்விதான்.

தொண்டர்கள் பூர்த்தி செய்து கொடுக்கும் ஒரு படிவம் உண்டு. வீட்டுக்கு எப்படி வருவது என்று கையால் ஒரு வரைபடம் போட வேண்டும். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரி எங்கே, எந்த போன் வேலை செய்யும் என்று எழுத வேண்டும். பார்க்கச் சாதாரணத் தாள்தான். ஆனால் எந்த மீட்புப் பணியும் இந்தத் தாளிலிருந்துதான் ஆரம்பிக்க முடியும்.

காக்கப்படாத ரகசியம்

கேட் பூஸி, 24 வயது. ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டு கிராமம் ஒன்றில் ஆங்கில ஆசிரியை. பீஸ் கார்ப்ஸோடு ஒப்பந்தத்தில் இருந்த ஓர் உள்ளூர் ஆசிரியர் மாணவிகளிடம் தவறாக நடப்பதாக அவருக்குத் தெரிய வந்தது. நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு எழுதினார். அந்த ஆசிரியரின் சகோதரர் அதே அமைப்பின் அலுவலகத்தில் வேலை பார்த்தார். ஆசிரியரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அதன் பின், 2009 மார்ச்சில், தன் வீட்டிலேயே கேட் கொல்லப்பட்டார்.

விஷயம் அலுவலகத்திலிருந்துதான் கசிந்தது என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினார்கள். 2011 ஜனவரியில் இது தொலைக்காட்சியில் வந்ததும், பாலியல் வன்முறைக்கு ஆளான முன்னாள் தொண்டர்கள் பலர் வெளிப்படையாகப் பேசினார்கள். தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னபோது அலுவலகம் தங்களையே குறை சொன்னது என்றார்கள். அதே வருடம் நவம்பர் 21-ல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்துக்கு கேட்டின் பெயரையே வைத்தார்கள். புகார் கொடுப்பவரின் ரகசியம் காக்கப்பட வேண்டும், பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்க தனி அலுவலகம் வேண்டும், பயிற்சி கட்டாயம் என்பதெல்லாம் அதில் வந்தன.

தாமதமான சிகிச்சை

2013-ல் சீனாவில் நிக் காஸில் என்ற 23 வயதுத் தொண்டர் வயிற்றுக் கோளாறில் படுத்தார். நோயின் தீவிரத்தை உணர்வதிலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதிலும் தாமதங்களும் தவறுகளும் நடந்தன. அவர் இறந்துபோனார். அவர் பெயர் தாங்கிய சட்டம் 2018 அக்டோபரில் வந்தது. தொண்டர்களைக் கவனிக்கும் மருத்துவர்களின் தகுதி, மேற்பார்வை பற்றியது அது.

கவனித்தீர்களா? ஒரு சட்டம் 2011-ல், ஒரு சட்டம் 2018-ல். இரண்டுக்கும் இறந்துபோன பிள்ளைகளின் பெயர். இரண்டுக்காகவும் அவர்களைப் பெற்றவர்கள் அலைந்திருக்கிறார்கள். சட்டம் வந்ததில் சந்தோஷம்தான், ஆனால் அதற்குக் கொடுத்த விலை?

9000 மைல் தாண்டி ஓர் உத்தரவு

இப்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரிய ஆபத்து வரும்போது இந்த அமைப்பு வேகமாகச் செயல்படும். ஒவ்வொரு நாட்டு அலுவலகத்திலும் அவசரகாலத் திட்டம் இருக்கிறது. முதலில் எச்சரிக்கை. அடுத்து, இருந்த இடத்தை விட்டு நகராதீர்கள். அடுத்து, குறித்த ஊரில் ஒன்று சேருங்கள். கடைசியாக, நாட்டை விட்டு வெளியேறுங்கள். 2014 ஜூலையில் எபோலா பரவியபோது லைபீரியா, சியரா லியோன், கினி மூன்று நாடுகளிலிருந்தும் 340 பேரை வெளியே எடுத்தார்கள்.

அதையெல்லாம் மிஞ்சியது 2020. கொரோனா பரவ ஆரம்பித்ததும் முதலில் சீனா, பிறகு மங்கோலியா. மார்ச் 15-ம் தேதி இயக்குநர் ஜோடி ஓல்சன் எல்லா நாடுகளிலிருந்தும் எல்லோரும் திரும்ப வேண்டும் என்று அறிவித்தார். 60 நாடுகளுக்கு மேல், ஏறக்குறைய 6,900 பேர்! விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த நேரம் அது. தொடங்கியதிலிருந்து ஒட்டுமொத்தமாக எல்லோரையும் அழைத்துக்கொண்டது அதுதான் முதல் முறை. பலருக்குத் தங்கள் மாணவர்களிடம் போய்ச் சொல்லிக்கொள்ளக்கூட நேரம் கிடைக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியவர்களுக்கு வேலையும் இல்லை, பலருக்கு வீடும் இல்லை. இங்கே காமர்ஸ் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பணியில் அடிபட்டால் இழப்பீடு தருவதற்கு அமெரிக்கச் சட்டம் இவர்களை அரசு ஊழியராகக் கருதுகிறது. ஆனால் வழக்கமான வேலையின்மை உதவி என்று வந்தால் தொண்டர் ஊழியர் அல்ல! கொரோனா காலத்துக்கென்று கொண்டுவந்த சிறப்புத் திட்டத்தில்தான் இவர்களுக்கும் உதவி கிடைத்தது. 2022 மார்ச்சில் சாம்பியாவுக்கும் டொமினிகன் குடியரசுக்கும் தொண்டர்கள் மறுபடி கிளம்பினார்கள்.

எனக்குத் தோன்றியது

6,900 பேரை உலகம் முழுவதிலிருந்தும் அழைத்து வர முடிந்த அமைப்பால், பொலிவியாவில் ஒருவர் எங்கே குடியிருக்கிறார் என்று தெரிந்து வைத்திருக்க முடியவில்லை. பெனினில் ஒரு பெண்ணின் பெயரை மறைத்து வைக்க முடியவில்லை. இது ஏன் என்று பல நாள் யோசித்தேன். பெரிய ஆபத்து எல்லோர் கண்ணுக்கும் தெரியும், தலைநகரிலிருந்தே உத்தரவு வரும், பணமும் வரும். ஒரே ஒருவருக்கு வரும் ஆபத்தில் அதெல்லாம் கிடையாது. அந்த ஊர் அலுவலகத்தில் நாற்காலியில் இருக்கும் ஒருவர் போனை எடுக்கிறாரா, சொன்னதை நம்புகிறாரா, வாயை மூடிக்கொண்டு இருக்கிறாரா என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது. அவசரகால ஏற்பாடு என்றால் விமானம் மட்டும் அல்ல, அந்த நாற்காலியும்தான்.

தொண்டு செய்ய வருகிறவன் தானாக விரும்பித்தான் வருகிறான், சம்பளம் வாங்கவில்லை, அதனால் அவன் பொறுப்பு அவனுக்கே என்று சிலர் வாதம் செய்யலாம். எனக்கு அது நேர் எதிராகப் படுகிறது. காசு வாங்காமல் வருகிறவனுக்கு அனுப்புகிறவர்கள் இன்னும் அதிகமாகக் கடன்பட்டிருக்கிறார்கள். அந்தக் கடனை அச்சடித்த ஒரு தாளில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கித் தள்ளுபடி செய்துவிட முடியாது.

அப்பா, உங்கள் கேள்விக்கு ஒரு வருடம் கழித்துப் பதில்: அனுப்புகிறவர்கள்தான் பொறுப்பு.

இந்த வருடமும் முகாம் வருகிறது. அந்தத் தாளும் கட்டாயம் வரும். அதை மாற்ற என்னால் முடியுமா தெரியவில்லை. ஆனால் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு பட்டியல் தயார் செய்துகொண்டிருக்கிறோம். வருகிற ஒவ்வொருவரின் ரத்த வகை, வீட்டு போன் நம்பர், யாருக்கு என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, அந்த ஊரிலிருந்து ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை கிலோமீட்டர், ராத்திரி வண்டிக்கு யாரைக் கேட்க வேண்டும். மொத்தம் இரண்டு பக்கம்தான் வந்திருக்கிறது. நீங்களும் எங்காவது முகாமுக்குப் போவதாக இருந்தால், கிளம்பும் முன் அந்த இரண்டு பக்கத்தை எழுதிவிடுங்கள்.