விரலில் இருந்த கணக்கு: புல்லட்டும் புஷ்ராடும்

புல்லட் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அந்த 'டப் டப்' சத்தம்தான். அதற்கு நடுவே 'டிக் டிக்' என்று இன்னொரு சத்தம் கேட்டால் மெக்கானிக்கின் முகம் மாறிவிடும். அது டாப்பெட் சத்தம். அதை அடக்கப் பட்ட பாடு ஒரு தனி வரலாறு!

இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் 1932-ல் வந்தது புல்லட் என்ற பெயர். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இந்த எஞ்சினில் கேம் கீழே, வால்வுகள் மேலே. நடுவில் இரண்டு கம்பிகள், அவைதான் புஷ்ராடுகள். கேம் தள்ளும், கம்பி ஏறும், ராக்கர் சாயும், வால்வு திறக்கும்.

சிக்கல் கம்பியின் நீளத்தில்தான். மயிரிழை கூடினால் வால்வு முழுதாக மூடாது. கம்ப்ரஷன் கசியும், நாளடைவில் வால்வு கருகும். குறைந்தால் சத்தமும் தேய்மானமும். அதனால் கம்பிக்கு அடியில் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு வைத்தார்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷனின் உச்சியில் நிற்க வேண்டும். அப்போது கம்பி விரலுக்குச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. அளவுகோல் எதுவும் இல்லை. விரல்தான் கணக்கு!

இதற்கு மாற்று எப்போதோ வந்துவிட்டது. எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் முறை 1930-ல் காடிலாக் வி-16 காரிலும், 1948-ல் ஹார்லி டேவிட்சன் பைக்கிலும் இருந்தது. ராயல் என்ஃபீல்டுக்கு அது வந்தது 2008-ல், தண்டர்பேர்டு ட்வின்ஸ்பார்க்கில்.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. லிஃப்டருக்குள் இருக்கும் சின்ன பிளஞ்சர், வால்வு மூடியிருக்கும்போதே சிறிது அமுங்கியிருக்க வேண்டும். அதுதான் ப்ரீலோடு. அடிவரை அமுங்கினால் வால்வு மூடாது. அமுங்காவிட்டால் பழைய 'டிக் டிக்'. இப்போது கம்பியில் திருகு இல்லை. சரியான நீளத்தைத் தொழிற்சாலையே முடிவு செய்தது. வண்டிக்காரருக்குச் செலவும் நேரமும் மிச்சம். தெருமுனை மெக்கானிக்குக் கைவந்த ஒரு வேலை குறைந்தது. சத்தம் வந்தால் திருக எதுவுமில்லை. எண்ணெயைப் பார்க்க வேண்டும், இல்லையேல் லிஃப்டரையே மாற்ற வேண்டும்.

கதை அங்கும் நிற்கவில்லை. 2020-ல் வந்த மீட்டியார் 350-ல் கேம் மேலே ஏறியது. புஷ்ராடுக்கே வேலை போயிற்று. 2021-ல் கிளாசிக்கும் 2023-ல் புல்லட்டும் அந்த எஞ்சினுக்கு மாறின. வேடிக்கை என்னவென்றால், இந்த எஞ்சினில் டாப்பெட் திருகு மீண்டும் வந்துவிட்டது. ஆனால் இம்முறை அளப்பது விரல் அல்ல, ஃபீலர் கேஜ்!