தாய்லாந்து–மியான்மர் எல்லை அகதி உதவி

மியான்மரில் நடந்த போருக்குத் தப்பி தாய்லாந்தின் மேற்கு எல்லைக்கு வந்த கரேன், கரென்னி முதலிய மக்களுக்கு 1984 முதல் வழங்கப்பட்டுவரும் உணவு, மருத்துவ, கல்வி உதவிகளும், அவற்றோடு வளர்ந்த அகதிகளின் சொந்த அமைப்புகளும் இத்தலைப்பில் அடங்கும். தாய்லாந்து 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆகவே அரசு ஆவணங்களில் இம்மக்கள் வாழும் முகாம்கள் ‘தற்காலிகத் தங்குமிடங்கள்’ என்றே குறிக்கப்படுகின்றன. அங்கே பிறந்த குழந்தைகள் பலர் இன்று பெற்றோராகிவிட்டனர்.

பின்னணி

கரேன் தேசிய ஒன்றியத்தின் ஆயுதப் போராட்டம் 1949இல் தொடங்கியது. பர்மியப் படை வறண்ட மாதங்களில் தாக்கி மழைக்காலத்தில் பின்வாங்குவது வழக்கம். எல்லை தாண்டிய மக்களும் மழை பிடித்ததும் ஊர் திரும்பிவிடுவார்கள்.

1984–1995

1984இல் தாக் மாகாணத்துக்கு எதிரே முன்னேறிய படை மழை வந்தும் பின்வாங்கவில்லை. ஏறத்தாழ 10,000 பேர் தாய்லாந்திலேயே தங்க நேர்ந்தது. தாய்லாந்து உள்துறை, பாங்காக்கில் இருந்த தொண்டு நிறுவனங்களை உதவிக்கு அழைத்தது. ஆனால் உதவி அத்தியாவசிய அளவோடு, ஆரவாரமின்றி நடக்க வேண்டும் என்றது. அவ்வாறு உருவான கிறித்தவத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பே பல பெயர்மாற்றங்களுக்குப் பின் 2012இல் ‘எல்லைக் கூட்டமைப்பு’ ஆனது. ஜாக் டன்ஃபோர்டு தொடக்கத்திலிருந்து அவ்வாண்டு வரை அதை வழிநடத்தினார்.

கூட்டமைப்பு தன் ஆட்களை முகாம்களில் குடியமர்த்தவில்லை. அரிசி, உப்பு, நாப்பி எனப்படும் புளிக்கவைத்த மீன்விழுது ஆகியவற்றை வாங்கி அனுப்பியது. மூட்டைகளை எண்ணி இறக்கி, கிடங்கில் அடுக்கி, குடும்பவாரியாகப் பங்கிட்டது கரேன் அகதிகள் குழுவும் அதன் முகாம் குழுக்களும்தான். முகாம்கள் சிறியவை, மூங்கில் வீடுகளோடு ஊரைப் போலவே இருந்தன. பங்கீடு தேவை முழுவதையும் ஈடுகட்டவில்லை. மிச்சத்தைக் காட்டுக் கீரையும் மூங்கில் குருத்தும் அக்கம்பக்கத்துக் கூலி வேலையும் ஈடுசெய்தன. பள்ளிகளை அகதிகளே நடத்தினர். பிற்கால முகாம் நிர்வாகமும் பெண்கள், இளைஞர் அமைப்புகளும் இந்த ஏற்பாட்டிலேயே வேரூன்றின எனலாம். இக்குழுக்கள் கரேன் தேசிய ஒன்றியத்திடமிருந்து எந்த அளவு தனித்து இயங்கின என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முகாம் அரிசி போராளிகளையும் தாங்கியது என்பது ஒரு சாரார் வாதம். வெளியாட்கள் நடத்தியிருந்தால் மக்கள் வெறும் கையேந்திகளாகியிருப்பர் என்பது மறுசாரார் வாதம்.

மியான்மரில் 1988 ஜனநாயக எழுச்சி ஒடுக்கப்பட்டபின் மாணவர்களும் எல்லைக்கு வந்தனர். அவ்வாறு காட்டுவழி நடந்து வந்தவர்களுள் ஒருவர் கரேன் மருத்துவர் சிந்தியா மாவுங். 1989இல் மே சோட் நகரில் அவர் தொடங்கிய மே தாவ் மருத்துவமனையில் தொடக்கத்தில் கருவிகளைக் கிருமிநீக்கம் செய்யச் சோறு வடிக்கும் ரைஸ் குக்கரே பயன்பட்டது. காலில் கண்ணிவெடி பட்டவர்களும் பிரசவத்துக்கு ஆறு தாண்டி வந்த பெண்களும் ஆவணங்களற்ற கூலித் தொழிலாளரும் அங்கே சிகிச்சை பெற்றனர். செயற்கைக் கால் செய்யும் பட்டறையும் பின்னர் உருவானது. சிந்தியா 2002இல் மகசேசே விருது பெற்றார். 1998இல் உருவான முதுகுப்பை மருத்துவக் குழுவினர் மருந்துகளைச் சுமந்து போர்ப்பகுதிக் கிராமங்களுக்கே நடந்து சென்றனர்.

1986இல் ஷோக்லோ முகாமில் தொடங்கிய மலேரியா ஆய்வு நிலையமும் இக்காலத்தது. மருந்துக்கு அடங்காத மலேரியா பரவிய இவ்வெல்லையில் சோதிக்கப்பட்ட ஆர்ட்டெசுனேட்–மெஃப்ளோகுயின் கூட்டு, உலகெங்கும் மலேரியா சிகிச்சை கூட்டு மருந்துகளுக்கு மாறியதில் பெரும் பங்கு வகித்தது. 1994இல் அகதிகள் சுமார் 80,000 பேர்.

1995க்குப் பின்

1995 ஜனவரியில் கரேன் தேசிய ஒன்றியத்தின் தலைமையகமான மானெர்ப்ளாவ் வீழ்ந்தது. எல்லை தாண்டிவந்த ஆயுதக் குழுக்கள் முகாம்களைத் தாக்கின. ஹுவாய் கலோக் முகாம் 1997இலும் 1998இலும் எரிக்கப்பட்டது. பாதுகாப்புக்காகச் சிறு முகாம்கள் மே லா போன்ற பெருமுகாம்களாக ஒன்றுசேர்க்கப்பட்டன. காடும் கூலி வேலையும் எட்டாமற்போனதால், உணவு முழுவதற்கும் விறகுக்கரிக்கும் உதவியையே நம்பவேண்டியதாயிற்று. ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கு 1998இல்தான் இங்கே பணியாற்ற இடம் கிடைத்தது.

2005 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் அமெரிக்காவில், குடியேறினர். படித்த ஆசிரியர்களும் மருத்துவப் பணியாளர்களும் முதலில் புறப்பட்டது முகாம்களுக்குப் பேரிழப்பு.

அண்மைக்காலம்

மியான்மர் அரசுக்கும் கரேன் தேசிய ஒன்றியத்துக்கும் இடையிலான 2012 போர்நிறுத்தத்துக்குப் பின் நன்கொடையாளர் கவனம் மியான்மருக்குள் திரும்பியது. 2016இல் சிறு எண்ணிக்கையினர் ஊர் திரும்பினர். அதற்குப் பங்கீட்டுக் குறைப்பு எந்த அளவு காரணம் என்பதில் கருத்தொற்றுமை இல்லை. 2021 ராணுவப் புரட்சி திரும்பும் வழியை மீண்டும் அடைத்தது. அமெரிக்க நிதி நின்றதால் 2025இல் ஒன்பது முகாம்களிலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு உணவு உதவி நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், முகாம்வாசிகள் வெளியே சட்டப்படி வேலை செய்யத் தாய்லாந்து அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.