மூன்று முயல்களும் ஒரு கவிஞரும்

முயல் குட்டி வாங்கி வருபவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏன் இது ஒரு மூலையிலேயே ஒண்டிக் கிடக்கிறது?" புது வீடு, புது வாசனை, மேலிருந்து இறங்கும் பெரிய கைகள்... பயப்படாமல் என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 250 வருடங்களுக்கு முன்பே தன் வீட்டில் விடை தேடிய ஒருவர் இருந்தார். அவர் பெயர் வில்லியம் கூப்பர், இங்கிலாந்துக் கவிஞர்.

அவர் முயல் வளர்த்த காரணம் பொழுதுபோக்கு அல்ல. 1773-ல் அவருக்குக் கடுமையான மனநோய். கடவுளே தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நம்பினார், தற்கொலைக்கும் முயன்றார். மேரி அன்வின் என்ற பெண்மணிதான் இரவு பகலாக அவரைப் பார்த்துக்கொண்டார். 1774-ல் ஓல்னி என்ற சிற்றூரில் மெல்லத் தேறி வந்தபோது புத்தகம் படிக்க முடியவில்லை, மனிதர்களோடு பேசவும் பிடிக்கவில்லை. ஆனால் கைகளுக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

அப்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் மூன்று மாதக் குட்டி ஒன்று இருந்தது. யாரோ விளையாடக் கொடுத்தது. அதைச் சீண்டத் தெரிந்த அளவுக்குத் தீனி போட அவர்களுக்குத் தெரியவில்லை (இன்றும் அதே கதைதான்!). நாளுக்கு நாள் மெலிவதைப் பார்த்த அவர்களின் தந்தை, அதைக் கூப்பரிடம் கொடுத்துவிட்டார். அவர் மகிழ்ந்தார் என்ற செய்தி ஊரில் பரவியதும் ஆளாளுக்குக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வர, கடைசியில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டார். பஸ், டைனி, பெஸ் என்று பெயரிட்டார். பெண் பெயர் இருந்தாலும் மூன்றும் ஆண்கள்!

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். தமிழில் எல்லாமே முயல்தான், ஆனால் உண்மையில் இவை இரண்டு வகை. கடைகளில் விற்கும் வளர்ப்பு முயல், வளை தோண்டும் இனத்தின் வழி வந்தது. அதன் குட்டி முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். காட்டு முயலின் குட்டியோ திறந்த வெளியில், முடியோடும் விழித்த கண்ணோடும் பிறக்கிறது. கூப்பர் வளர்த்தவை இந்த இரண்டாம் வகை. பழக்குவது மிகக் கடினம். (நம் ஊர்க் காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாரும் முயற்சிக்க வேண்டாம்.)

கூப்பர் முதலில் செய்தது, உளியும் சுத்தியலும் எடுத்துத் தச்சரானது. மூன்றுக்கும் தனித்தனி அறை கொண்ட வீடு கட்டினார். புழுக்கை கீழே விழும்படி அடியில் வழி, அதற்கு ஒரு மண் சட்டி, அதைத் தவறாமல் கழுவி வைப்பது என்று ஏற்பாடு. பகலில் வீட்டுக் கூடத்தில் திரியலாம். இரவில் ஒவ்வொன்றும் தன் படுக்கைக்குப் போய்விடும், அடுத்ததன் இடத்தில் நுழையாது. இராச் சாப்பாட்டுக்குப் பின் வரவேற்பறைக்கும் அனுமதி உண்டு. அங்கே கம்பளம் விரித்திருந்ததால் கால் வழுக்காது, அதனால் துள்ளிக் குதித்தன என்று கூப்பரே எழுதியிருக்கிறார். மொசைக் தரையில் முயலை விட்டுவிட்டு, அது நகரவே இல்லை என்று கவலைப்படுபவர்கள் இதைக் கவனிக்கலாம். கம்பளத்தில் எரிந்த ஓட்டை ஒன்றுக்கு ஒட்டுப் போட்டால்கூட, உடனே வந்து முகர்ந்து சோதனை போடுமாம்!

பஸ்ஸுக்கு ஒருமுறை மூன்று நாள் உடம்பு சரியில்லை. நோயுற்றதை மற்றவை துன்புறுத்தும் என்று அறிந்த கூப்பர், அதைத் தனியே வைத்துப் பல மூலிகைகள் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். குணமானதும் அது அவர் கையை நக்கியது. புறங்கை, உள்ளங்கை, ஒவ்வொரு விரல், விரலிடுக்கு என்று ஒன்றையும் விடவில்லை. பிறகு தினமும் காலை உணவுக்குப் பின் தோட்டத்துக்குத் தூக்கிப் போவார். வெள்ளரிக் கொடி இலைகளுக்கு அடியில் சாயங்காலம் வரை தூங்கும். போக நேரமானால் அவர் முழங்காலில் தாளம் தட்டும். அதற்கும் எழாவிட்டால் கோட்டின் ஓரத்தைப் பல்லால் கடித்து இழுக்கும்.

டைனி அப்படியில்லை. அதுவும் நோயுற்றது, அதே கவனிப்பைப் பெற்றது. தேறிய பின் தடவப் போனால் உறுமும், முன்னங்காலால் அடிக்கும், பாய்ந்து கடிக்கும். கடைசி வரை மாறவில்லை. கூப்பர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, அதன் முரட்டுத்தனத்தையே ரசித்தார். அது இறந்தபோது அதற்கு ஒரு இரங்கற்பாவும் எழுதினார். அன்பு காட்டினால் எந்த விலங்கும் மாறிவிடும் என்று எழுதும் புத்தகங்கள் டைனியைப் பற்றிச் சொல்வதே இல்லை.

பெஸ்ஸுக்கு ஆரம்பத்திலிருந்தே பயம் கிடையாது. கன்னத்தில் தட்டிய பூனையின் முதுகில் மத்தளம் வாசித்து விரட்டியடித்த வீரன்! ஆனால் வளர்ந்து முடிந்த சில நாளிலேயே இறந்துவிட்டது. கழுவிய பெட்டி நன்றாகக் காயும் முன் அதில் விட்டதுதான் காரணம் என்று கூப்பர் மறைக்காமல் எழுதினார். அத்தனை சுத்தம் பார்த்த வீட்டில், அந்தச் சுத்தமே எமனாகிவிட்டது.

இவை அனைத்தையும் அவர் 1784-ல் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' இதழில் கடிதமாக வெளியிட்டார். என்ன தின்னும் என்ற பட்டியலும் அதில் உண்டு: லெட்யூஸ் கீரை, கேரட், மெல்லிதாகச் சீவிய ஆப்பிள் தோல், ரொட்டி. பறவைக் கூண்டைச் சுத்தம் செய்தபோது தரையில் வைத்த வெள்ளை மணலை அவை ஆவலாகத் தின்றதையும் குறித்திருக்கிறார். மூன்றுக்கும் மூன்று குணம் என்று அவர் அழுத்திச் சொன்னது, முயலை வேட்டைப் பொருளாக மட்டுமே பார்த்த காலத்தில். அவருடைய புகழ்பெற்ற நெடுங்கவிதை 'தி டாஸ்க்' அடுத்த ஆண்டில் வந்தது.

மனநோய் அவரை முழுதாக விடவில்லை, பின்னாளில் திரும்பத் திரும்ப வந்தது. 1800-ல் அவர் இறந்த பிறகு, அவர் காகிதங்களுக்கிடையில் ஒரு சிறு குறிப்பு கிடைத்தது. 1786 மார்ச் 9-ம் தேதி, பகல் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் இடையில், பஸ் முதுமையால், வலியில்லாமல் இறந்தது என்று எழுதியிருந்தார். வயது 11 ஆண்டு, 11 மாதம்.