நகர்மன்றம் (தமிழ்நாடு)

நகராட்சி வாக்காளர்கள் வார்டுக்கு ஒருவராகத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களின் அவை நகர்மன்றம். 2022 பிப்ரவரி 19 அன்று தமிழ்நாட்டின் 138 நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. சிறிய ஊர்களில் உறுப்பினர் எண்ணிக்கை இருபதையொட்டி இருக்கும். பெரிய ஊர்களில் நாற்பதையும் தாண்டும். பாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. பதவிக்காலம் ஐந்து ஆண்டுகள். மக்கள் வழக்கில் உறுப்பினர் ‘கவுன்சிலர்’, தலைவர் ‘சேர்மன்’. சேர்மனை 2011இல் வாக்காளர்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் கவுன்சிலர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாதம் ஒருமுறை மன்றம் கூடுவது நடைமுறை. கூட்டத்துக்கு முன்பே அஜெண்டா உறுப்பினர் கைக்கு வந்துவிடும். அதிலுள்ள பொருள்கள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை: பழுதான குடிநீர் மோட்டாரைச் சரிசெய்த செலவு, பிளீச்சிங் பவுடர் கொள்முதல், கொசு ஒழிப்புக்குத் தற்காலிகப் பணியாளர்கள், தெருவிளக்குப் பராமரிப்பு, வாரச்சந்தையில் கட்டணம் வசூலிக்கும் குத்தகை, நகராட்சிக் கடை வாடகை, வந்த ஒப்பந்தப்புள்ளிகளில் குறைந்ததை ஏற்பது. ஒவ்வொன்றுக்கும் அலுவலகக் குறிப்பு இருக்கும். பணம் பொது நிதியிலிருந்தா, குடிநீர் நிதியிலிருந்தா என்பதும் இருக்கும். ஆளும் தரப்புக்குப் பெரும்பான்மை இருக்கும் மன்றங்களில் ‘ஆல் பாஸ்’ என்ற குரலோடு பல தீர்மானங்கள் சில நிமிடங்களில் நிறைவேறிவிடுவதுண்டு.

இதைச் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. குழாய் உடைந்தால் அடுத்த கூட்டம்வரை ஊர் காத்திருக்காது. அவசர வேலைகளைச் சேர்மனின் முன் அனுமதியோடு முடித்துவிட்டு, மன்றத்தில் பின்னேற்பு வாங்குகிறார்கள். ஆக, உறுப்பினர்கள் முன் வரும் பொருள்களில் பல ஏற்கெனவே நடந்து முடிந்தவை. மறுத்தால் பில்தான் நிற்கும். ஆனால் அதே காரணத்தால், “என் வார்டுல இந்த வேலை நடக்கவே இல்லையே” என்று ஒரு கவுன்சிலர் எழுந்து கேட்டால் அவைக்கு உயிர் வந்துவிடும். பொறியாளர் பதில் சொல்லியாக வேண்டும், பொருள் ஒத்திவைக்கப்படலாம், மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் செய்தியும் வரலாம். வார்டில் நடமாடுகிறவர் என்ற முறையில் உறுப்பினருக்கு உள்ள பெரிய ஆயுதம் இந்தக் கேள்வியே. அஜெண்டா முடிந்தபின் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சாக்கடை அடைப்பு, தெருநாய் என்று எழும் புகார்களும் இந்த வகையே.

அன்றாட நிர்வாகம் ஆணையரிடம் இருக்கிறது. அவரை நியமிப்பது மாநில அரசு. குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட மதிப்பீடுகளுக்கு மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். மன்றத்தின் தீர்மானத்தை ரத்துசெய்யும் அதிகாரமும் அரசுக்கு உண்டு.

1882இல் ரிப்பன் பிரபுவின் தன்னாட்சித் தீர்மானமும், 1884, 1920 ஆண்டுகளின் நகராட்சிச் சட்டங்களும் இந்த அமைப்புக்கு உருவம் கொடுத்தன. முதல் உலகப் போரின் கடைசிக் காலத்தில் சேலம் நகராட்சித் தலைவராக ராஜாஜியும் ஈரோடு நகராட்சித் தலைவராகப் பெரியாரும் இருந்தார்கள். பின்னாளில் எதிரெதிர்த் திசைகளில் போன இருவரும் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் பற்றிய கோப்புகளில்தான் நிர்வாகம் பழகினார்கள். 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியது. பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியலிட்டது. அவற்றில் எதை எவ்வளவு ஒப்படைப்பது என்பது மாநிலத்தின் கையிலேயே இருக்கிறது. 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில், 1998இல் இயற்றப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023இல்தான் நடைமுறைக்கு வந்தது.

தேர்தல் கட்டாயமென்று அரசியலமைப்பு சொன்ன பிறகும், 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம்வரை நகர்மன்றங்கள் இல்லை. அவற்றின் அதிகாரத்தைத் தனி அலுவலர்கள் செலுத்தினார்கள். தீர்மானங்கள் அப்போதும் நிறைவேறின, ஓர் அதிகாரியின் கையொப்பத்தில். 2022 மார்ச்சில் பொறுப்பேற்ற புதிய மன்றங்களுக்கு ஆரம்பத்திலேயே வந்து சேர்ந்த கனமான பொருள் சொத்துவரிச் சீராய்வு. மாநிலத்தின் நகர்ப்புற உள்ளாட்சிகள் எல்லாவற்றுக்குமாக 25 முதல் 150 விழுக்காடுவரை உயர்வை அறிவித்தது மாநில அரசு; 15ஆவது நிதிக் குழுவின் மானிய நிபந்தனையைக் காரணமாகக் காட்டியது. தீர்மானம் போட்டு வரியை ஊரில் நடைமுறைப்படுத்த வேண்டியவை மன்றங்கள். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் பல ஊர்களில் வெளிநடப்புச் செய்தார்கள். வீட்டுக்காரர்களின் கேள்விகளை எதிர்கொண்டவர்கள் கட்சி வேறுபாடின்றி வார்டு கவுன்சிலர்களே.